வாய்க்கால் அத்தியாயங்கள்

“அப்போ நல்லாவே இல்லைன்னு சொல்றாங்களா?”

“அப்படிச் சொல்லலை. முதல் பாகம் மாதிரி இல்லைன்னு சொல்றாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே, அக்கா?”

“ஒண்ணு இல்ல… சரி, ஒண்ணுதான்.”

“என்ன குறையாம்?”

“நிறைய இருக்கு. விடு.”

“சும்மா சொல்லுங்க. ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிட்டே கேக்கறேன். எனக்கென்ன.”

“மூணு அத்தியாயம் முழுக்க நீ வாய்க்கால் தூர் வாருறியாம்.”

“தூர் வாரலைன்னா தண்ணி எப்படி வரும்?”

“அதைத்தான் ஒருத்தர் எழுதியிருக்கார். தண்ணி வந்துச்சு, கதைதான் வரலைன்னு.”

தழை ஒடித்துக்கொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். கிளையை வளைத்துப் பிடித்திருந்த அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அந்த இரண்டு விரல்களைப் பற்றித் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியும்.

எஸ்தர் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்திலிருந்த கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பது பாதி உண்மைதான். அவளுடைய உடம்பு சென்னையில் ஒரு பதிப்பகத்தின் மூன்றாவது மாடியில், தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தது. பட்டியும் கல்லும் தழை ஒடிக்கிற பெண்ணும் அந்த அறையின் மூலையில் முனகிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்துக்குள் இருந்தார்கள். அலுவலகத்தில் எல்லோரும் அதை வயல் என்றார்கள். வயலில் ஒரு நாட்டையும் அதன் மனிதர்களையும் விதைப்பார்கள். அவர்கள் பாட்டுக்கு வாழ்வார்கள். வாழ்ந்ததை அறுவடை செய்து கொடுத்தால், எழுதுகிறவர்கள் அதை நாவலாக்குவார்கள். பதிப்பாசிரியரான எஸ்தரின் வேலை, அவ்வப்போது உள்ளே போய் முக்கியமானவர்களிடம் பேசிவிட்டு வருவது. அந்த நாட்டில் முக்கியமானவள் ஒருத்திதான். ஆம்பி.

‘மணற்கோனும் வெண்கல மணியும்’ வந்தபோது ஆம்பிக்குப் பதினாறு வயது. மணலாலான ஓர் அரசன் ஊர் ஊராக விழுங்கிக்கொண்டு வருகிறான். வெண்கல மணியின் ஓசை ஒன்றுதான் அவனைத் தடுக்கும். மணியடிப்பவர்கள் எல்லோரும் செத்துப்போன பிறகு ஒரு சின்னப் பெண் கோபுரத்தில் ஏறி, கயிறு விரல்களை அறுத்தெடுத்தும் விடாமல் அடிக்கிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் அதற்காகப் பைத்தியமானார்கள். ஒருவரையொருவர் பார்த்தால் இடது கையின் இரண்டு விரல்களை மடக்கிக் காட்டினார்கள். அது அவர்களுடைய வணக்கம்.

அந்த நாளில் ஆம்பி, “அந்நியப் பெண்மணியே, உமது வரவு இம்மண்ணுக்கு நன்மை பயக்கட்டும்” என்றுதான் எஸ்தரை வரவேற்பாள். வயலுக்குப் போட்ட விதையெல்லாம் பிறமொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட நாவல்கள். நாகர்கோவில் நூலகத்தில் பனியும் பிர்ச் மரமும் குதிரை வண்டியுமாக வாசித்து வளர்ந்த எஸ்தருக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். இப்போது ஆம்பிக்கு இருபத்தேழு வயது. இப்போது அவள், “வாங்கக்கா, சாப்பிட்டீங்களா” என்கிறாள். அதைப் பற்றியும் வாசகர்கள் குறைப்பட்டிருந்தார்கள். ஆம்பி எங்கள் அத்தை மாதிரிப் பேசுகிறாள் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். எஸ்தர் அதைச் சொல்லவில்லை.

“மணியை உருக்கிச் சட்டி பண்ணினதை ஒருத்தரும் மன்னிக்கலை” என்றாள்.

“எல்லா வீட்டுலயும் ஓட்டைச் சட்டி, அக்கா. மணி சும்மா தொங்கிட்டிருந்துச்சு.” ஆம்பி தழையைப் பட்டிக்குள் வீசினாள். “இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? வந்ததுலேர்ந்து எதையோ வாயில வச்சுக்கிட்டு மெல்லறீங்க.”

எஸ்தர் பதில் சொல்வதற்குள் காதோரம் கூவல் கேட்டது. வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள்.

“போயிட்டு வந்துடறேன்.”

“உங்களுக்குத்தான் அது போறதும் வர்றதும். எனக்கு நீங்க கண்ணைச் சிமிட்டற மாதிரிதான் இருக்கு” என்றாள் ஆம்பி.

தொப்பியைக் கழற்றியதும் முதல் காரியமாக எஸ்தர் எழுந்துபோய் இயந்திரத்தின் பக்கவாட்டிலிருந்த குமிழைத் திருப்பினாள். முனகல் நின்றது. இதை மறக்கக் கூடாது. ஆள் வெளியே வந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் வயல் தானாகவே வேகம் பிடித்துவிடும். கதையில் ஒன்றும் நடக்காத காலங்களை விரட்டிக் கடப்பதற்காக அப்படிச் செய்து வைத்திருந்தார்கள்.

வாசலில் சுதாகர் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஒரு புத்தகக் கட்டு. கடைகளிலிருந்து திரும்பி வந்தது. கட்டின் மேலே ‘மணலுக்குப் பின்: இரண்டாம் பாகம்’ என்ற அட்டை தெரிந்தது. அட்டையில் ஆம்பி வாளேந்தி நின்றாள். புத்தகத்துக்குள் அவள் வாளைத் தொடுவதே இல்லை.

“மேடம் கூப்பிடறாங்க. நிறுத்திட்டீங்கல்ல?” அவருடைய கண் குமிழின் மேல் இருந்தது.

“நிறுத்திட்டேன் சார்.”

“இல்ல, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துக்கங்க. நீங்களும் இன்னைக்குப் பஸ் பிடிக்கணும்.”

அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. முந்தின வருடம் வயலைப் பார்த்துக்கொண்டவர் சுதாகர்தான். போகியன்று தென்காசி பஸ்ஸைப் பிடிக்க மூட்டை முடிச்சோடு ஓடினவர், குமிழைத் திருப்ப மறந்துவிட்டார். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடிந்து, கரும்புத் துண்டுகளோடு வந்து பார்த்தால், உள்ளே பதினோரு வருடம் ஓடியிருந்தது. பதினேழு வயதில் கறுப்புக் கப்பலேறி மணற்கோனின் தலைநகருக்குப் போயிருக்க வேண்டிய ஆம்பி, கல்யாணம் செய்து, வாய்க்கால் வெட்டி, பிள்ளை பெற்று, ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைப் புத்தகக் கட்டுப் போடும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

“நான் ஒரு பஸ்ஸைப் பிடிச்சேன் எஸ்தர், அங்க ஒரு குழந்தை பிறந்துடுச்சு” என்றார் சுதாகர், கட்டை மறுதோளுக்கு மாற்றியபடி. “எப்படி இருக்கா?”

“யாரு?”

“பாப்பாதான்.”

“பல்லு விழுந்திருக்கு.”

அவர் தலையாட்டினார். படியிறங்கிப் போனார்.

கிரிஜா மேடத்தின் அறையில் மின்விசிறி மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. மேசை மேல் சாப்பிடாத தயிர்சாதம். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சம்மதம் வாங்கிட்டியா?”

“இன்னும் கேக்கவே இல்லை மேடம்.”

“காலையிலேர்ந்து உள்ள என்னதான் பேசிட்டிருக்கே?”

“விமர்சனம் படிச்சுக் காட்டினேன்.”

“நல்லது. ஒருத்தியாவது முழுசாக் கேட்டாளே.” கிரிஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “திங்கட்கிழமை காலைல மறு உழவு. முதல் பாகம் முடிஞ்ச இடத்துக்கே கொண்டுபோய் விட்டுடுவோம். பதினாறு வயசு, கோபுரத்து மேல, கையில ரத்தம். அங்கிருந்து புதுசா விதைச்சு, கப்பல்ல ஏத்தி, அடுத்த புத்தகக் கண்காட்சிக்குள்ள மூணாம் பாகம். ரெண்டாம் பாகம் ஒரு கெட்ட கனவுன்னு முதல் வரியில எழுதிடலாம்.”

“கேக்காமலே உழுதா என்ன மேடம்? அவளுக்குத் தெரியாமலே போயிடுமே.”

“மாட்டேன். டிராகன் தொடர்ல அந்தப் பையனை அப்படித்தான் உழுதோம். மறந்துட்டியா?”

எஸ்தர் மறக்கவில்லை. சொல்லாமல் பின்னுக்கு இழுத்த அந்தப் பையன், டிராகன் வந்தாலும் வராவிட்டாலும் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றான். ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எதையோ பறிகொடுத்தது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எதை என்று தெரியவில்லை. அதன் பிறகுதான் இந்த விதி வந்தது. தானாகச் சரி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் முழுசாகத் திரும்பி வந்தார்கள்.

“அவ முடியாதுன்னுட்டா?”

“வயலை அணைச்சுட்டு வேற நாடு விதைக்கணும். எத்தனை நாளைக்கு இப்படியே வச்சிருக்க முடியும்?”

“ரெண்டுல எது ஆனாலும் அந்தக் குழந்தை…”

“தெரியும்மா.”

“எட்டு வயசு மேடம். நொச்சின்னு பேரு.”

“பேரு எனக்கும் தெரியும். நான்தான் மெய்ப்புப் பார்த்தேன்.” கிரிஜா தயிர்சாதத்தின் மூடியை எடுத்தார், மறுபடி மூடினார். “எனக்கு அந்த வாய்க்கால் அத்தியாயங்கள் ரொம்பப் பிடிச்சது, எஸ்தர். சண்டை முடிஞ்ச ஊர்ல மண்ணு அள்ளறது யாருன்னு நானும் யோசிச்சதில்ல. எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, பிடிக்குது. பதினஞ்சு வயசுக்காரங்களுக்குப் போட்ட புத்தகம் எனக்குப் பிடிச்சு என்ன பண்ண?”

பிறகு அவர் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதையும் கேட்டுட்டுப் போ. நேத்து வந்தது.”

ஒரு சிறுமியின் குரல். பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல வாயை ஒட்டி வைத்துப் பேசியிருந்தாள்.

“அக்கா, நான் அருப்புக்கோட்டைல பத்தாவது படிக்கேன். எங்க வீட்டுல அப்பா சத்தம் போட ஆரம்பிச்சாங்கன்னா நான் கதவுக்குப் பின்னாடி போய் ரெண்டு விரலையும் மடக்கி வச்சுக்குவேன். ஆம்பி மாதிரி. அப்ப பயமா இருக்காது. இப்ப ரெண்டாம் பாகம் படிச்சேன். அவங்க சண்டையெல்லாம் விட்டுட்டாங்க. ஆடு மேய்க்காங்க. இப்ப விரலை மடக்குனா ஒண்ணும் ஆக மாட்டேங்குது. அவங்களைப் பழையபடி ஆக்கிருங்களேன் அக்கா.”

விசிறி சுற்றியது.

“பதில் போட்டீங்களா?”

“என்ன போடறது?” என்றார் கிரிஜா.

எஸ்தர் மாடியேறி வந்து குமிழைத் திருப்பித் தொப்பியை மாட்டினாள். நாற்காலியின் காலடியில் அவளுடைய ஊர்ப் பை. நாளை பெரிய வெள்ளி. அம்மா காலையிலேயே இரண்டு தடவை போன் பண்ணியாகிவிட்டது.

ஆம்பி அதே கிளையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“வந்துட்டீங்க. முகம் ஒரு மாதிரி ஆயிருக்கு. அங்க ரொம்ப நேரம் ஆச்சா?”

“கொஞ்சம்.”

“அப்போ இப்பவாவது துப்பிடுங்க.”

எஸ்தர் சொன்னாள். சுற்றி வளைக்கத்தான் நினைத்தாள். ஆனால் ஆம்பி இருந்த இருப்பில் அது முடியவில்லை. திங்கட்கிழமை, உழவு, கோபுரம், பதினாறு வயது, கப்பல் எல்லாவற்றையும் சொன்னாள். முடியாதென்றால் வயலை அணைத்துவிடுவார்கள் என்பதையும் சொன்னாள். ஒரு வெள்ளாடு வேலிக்கு வெளியே தலையை நீட்டி ஆம்பியின் முந்தானையை மென்றது. அவள் அதை இழுக்கவில்லை.

“வலிக்குமா?” என்று கேட்டாள் கடைசியில்.

“உனக்கா?”

“அவளுக்கு.”

“இல்ல. இருந்ததே இருக்காது. உனக்கும் ஞாபகம் இருக்காது.”

“அது நல்லதுன்னு சொல்றீங்களா, கெட்டதுன்னு சொல்றீங்களா?”

“தெரியலை ஆம்பி.”

ஆம்பி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “பின்னாடி போறதுதான் போறோம், இன்னும் ரெண்டு நிமிஷம் சேர்த்துப் போனா இந்த விரலாவது மிஞ்சுமே.”

“முதல் பாகம் அச்சாயிடுச்சு.”

“ஓ.” ஆம்பி தலையாட்டினாள். “அப்போ ஒண்ணும் பண்ண முடியாது.”

இருவருக்குமே சிரிப்பு வந்தது. அது சீக்கிரம் அடங்கியும் போனது.

அதற்குள் பொழுது சாய்ந்திருந்தது. வாய்க்கால் பக்கமிருந்து ஒரு சிறுமி, முழங்கால் வரை சேறும் கையில் ஒரு நண்டுமாக ஓடிவந்தாள். எஸ்தரைக் கண்டதும் நண்டைப் பின்னால் மறைத்தாள்.

“இவங்கதானே புத்தகத்து அத்தை?”

“ஆமா. கும்பிடு” என்றாள் ஆம்பி.

நொச்சி நண்டில்லாத கையை நெற்றியில் வைத்தாள். இடது கை. இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. எஸ்தர் கல்லிலிருந்து முன்னால் சாய்ந்தாள்.

“அதை யார் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லிக் குடுக்கலை. அம்மா சாப்பிடறப்ப கை இப்படித்தான் இருக்கும்” என்றாள் நொச்சி. விழுந்த பல்லின் வழியே காற்று வந்தது. “அத்தை, நான் புத்தகத்துல இருக்கேனா?”

“இருக்கே.”

“என்ன பண்றேன்?”

“பிறக்கறே. நடக்கறே. வாய்க்கால்ல விழறே.”

“அப்புறம்?”

“அதோட புத்தகம் முடிஞ்சிடுது.”

“அய்ய! அவ்வளவுதானா?” நொச்சி நண்டைத் தூக்கிப் பார்த்தாள். “நல்லாவே இல்லை.”

“நீயுமா?” என்றாள் ஆம்பி. “போ, போய் உலையை வை. அப்பா வர்ற நேரம்.”

நொச்சி உள்ளே போனாள். சற்றைக்கெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து அகப்பை சட்டியில் படுகிற சத்தம் கேட்டது. சாதாரணச் சத்தமில்லை. மெல்லிய, நீண்ட கார்வை. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று எழுந்தது, அது கொஞ்சம் தாழ்ந்த சுருதி. பிறகு தெருக்கோடியில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. ஊர் முழுக்க உலை வைக்கிற நேரத்தில், உருக்கப்பட்ட மணி வீடு வீடாக ஒலித்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே மணல், அந்தி வெளிச்சத்தில், தன் எல்லையிலேயே அசையாமல் கிடந்தது.

எஸ்தர் எழுந்து நின்றுவிட்டாள். “இது… தினமும் கேக்குமா?”

“எது?”

“இந்தச் சத்தம்.”

ஆம்பி காதைத் தீட்டிக் கேட்டாள், முதல் தடவை கேட்பவள் போல. “சட்டிச் சத்தமா? ஆமா. ஏன்?”

அறுவடையில் இது வரவேயில்லை. பேச்சும் நடப்பும்தான் அதில் விழும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று விழாது. பதினோரு வருடமாக மணல் ஏன் திரும்பி வரவில்லை என்று புத்தகத்தில் எங்குமே இல்லை. ஓட்டை என்று அதைத்தான் எல்லா விமர்சகரும் எழுதியிருந்தார்கள். எஸ்தருக்கு அப்படியே கல்லின் மேல் சரிந்து படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. புத்தகம் அச்சாகி, போய், கட்டுக் கட்டாகத் திரும்பியும் வந்தாகிவிட்டது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. உக்காரு. இன்னொண்ணு சொல்லணும்.”

அருப்புக்கோட்டைச் சிறுமி சொன்னதை அவள் ஞாபகத்திலிருந்து சொன்னாள். கதவுக்குப் பின்னால் நிற்பது, விரலை மடக்குவது, இப்போது ஒன்றும் ஆகாமல் போனது எல்லாம். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

முடிந்ததும் ஆம்பி, “அந்த ஊர்ல மணல் வருமா?” என்றாள்.

“மணல் இல்ல. அவங்க அப்பா.”

“அது இன்னும் கஷ்டம். மணலுக்கு மணி அடிக்கலாம்.” வேலிப் பக்கம் திரும்பினாள். “நான் கோபுரத்துல ஏறும்போது எனக்கு முன்னாடி யாராவது ஏறிட்டிருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு. யாருமில்ல. நானேதான். அவளுக்காவது ஒருத்தி முன்னாடி போகணும் இல்ல?”

“நீ அப்படி நினைக்கணும்னு நான் சொல்லலை.”

“சொல்லத்தானே வந்தீங்க.” அதில் கோபமில்லை. வேலை முடிந்து வந்து இன்னொரு வேலையைப் பார்க்கிறவளின் குரல் அது. “சரி. சம்மதம்.”

எஸ்தர் இதற்குத் தயாராக இல்லை. அழுகைக்கும் ஏச்சுக்கும் தயாராக வந்திருந்தாள்.

“ஆம்பி, நல்லா யோசிச்சு…”

“யோசிச்சா முடியாதுன்னுதான் வரும். யோசிக்காமலே சொல்லிடறேன். திங்கட்கிழமை கூட்டிட்டுப் போங்க, கப்பல்லயோ கழுதைலயோ ஏத்துங்க.” அவள் முந்தானையை ஆட்டின் வாயிலிருந்து மெதுவாக உருவினாள். நுனி கிழிந்திருந்தது. “இன்னைக்கு என்ன கிழமை உங்களுக்கு?”

“வியாழன்.”

“நாளைக்கு?”

“லீவு. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் யாரும் வர மாட்டாங்க. நான் ஊருக்குப் போறேன்.”

“பஸ்ல?”

“பஸ்லதான்.”

ஆம்பி விரல் விட்டு எண்ணினாள். வலது கை முடிந்து இடது கைக்கு வந்தபோது விரல்கள் போதுமா என்று எஸ்தர் தன்னையறியாமல் பார்த்தாள். சரியாகப் போதுமாயிருந்தது.

“அந்தத் தடவை நாலு நாள் லீவுக்குப் பதினோரு வருஷம்” என்றாள் ஆம்பி. “மூணு நாளுன்னா எட்டு வருஷம் வருமா?”

எஸ்தருக்கு அவள் எங்கே வருகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

“வேணாம் ஆம்பி.”

“இவளுக்குப் பதினாறு ஆயிடும். எனக்குப் பதினாறு வயசு எப்படி இருந்துச்சுன்னு ஊரே படிச்சிருக்கு. வேற மாதிரிப் பதினாறு ஒண்ணு நான் பார்த்ததே இல்லை. பார்த்துட்டு வந்துடறேன்.”

“அப்புறம் திங்கட்கிழமை என்ன பண்ணுவே? இப்பவாவது அவ குழந்தை. அப்போ எல்லாம் தெரிஞ்ச பொண்ணா நிப்பா. இன்னும் கஷ்டமில்லையா?”

“கஷ்டம்தான். அதுக்காக அந்த எட்டு வருஷமும் இல்லாமலே போகட்டுங்கறீங்களா?”

“அப்ப நீ மாட்டேன்னுட்டா? எட்டு வருஷம் கழிச்சு நீ இதே ஆம்பியா இருக்க மாட்டே.”

“இருக்க மாட்டேன்தான். மாட்டேன்னு சொன்னாலும் சொல்வேன்.” ஆம்பி ஒளிக்கவில்லை. “உங்களைக் கட்டுப் போடற இடத்துக்கு மாத்திடுவாங்க. அந்த அண்ணனை மாத்தினாங்கன்னு சொன்னீங்களே. அவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. பாப்பாவுக்கு மாமன் முறை ஒருத்தர் வெளியில இருக்கார்னு நான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினவர்னு. அவருக்குப் புண்ணியமாப் போகட்டும்னு இவ தினம் ராத்திரி ஒரு பிடி சோத்தைத் தனியா எடுத்து வைப்பா.”

வீட்டுக்குள்ளிருந்து நொச்சி, “அம்மா, நண்டை உலையில போடவா, தனியாப் போடவா?” என்று கத்தினாள்.

“தனியாப் போடு!”

காதோரம் மறுபடி கூவல். இந்தத் தடவை சுதாகராகத்தான் இருக்கும், நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்திருப்பார். தாம்பரம் தாண்டிவிட்டால் போதும், பிறகு பஸ் ஓடிவிடும். எஸ்தரின் வலது கை, சென்னையில், நாற்காலியின் கைப்பிடியிலிருந்து எழுந்து தொப்பியின் வாரைத் தேடியது.

ஆம்பி எழுந்து பட்டியின் கதவைச் சாத்திவிட்டு, அவளுக்கு எதிரே வந்து நின்றாள். ஊர் முழுக்க உலை கொதிக்கிற நேரம்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்படியே பையைத் தூக்கிட்டு ஓடுங்க. அந்த அண்ணன் மாதிரி, இந்த ஒரே ஒரு தடவை, மறந்துட்டுப் போறீங்களா?”